பார்க்கிங் லாட்டுக்குக் கீழே ஒரு ஊர்

பிட்ஸ்பர்க் என்றதும் நம்ம ஆட்களுக்கு ஞாபகம் வருவது பென் ஹில்ஸ் வெங்கடாசலபதி. 1976இல் எழுந்த கோயில். நியூஜெர்சியிலிருந்தும் ஒஹாயோவிலிருந்தும் ராத்திரியோடு ராத்திரியாகக் காரோட்டி வந்து, சாமி கும்பிட்டு, கேன்டீனில் புளியோதரை சாப்பிட்டு, 'பிட்ஸ்பர்க் பாத்தாச்சுப்பா' என்று கிளம்பிப் போகிறவர்கள் எத்தனையோ பேர். (புளியோதரையைக் குறை சொல்ல மாட்டேன். மாசக்கடைசியில் இரண்டு முறை என்னைக் காப்பாற்றியிருக்கிறது :-)) இன்னும் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் எஃகு ஆலை, மூணு ஆறு, ஸ்டீலர்ஸ் என்பார்கள்.

நான் சொல்லப்போவது வேறொரு இடம். டவுன்டவுனுக்கும், யுனிவர்சிட்டிகள் எல்லாம் இருக்கிற ஓக்லண்டுக்கும் நடுவில் ஒரு மேடு இருக்கிறது. ஹில் டிஸ்ட்ரிக்ட். இங்கே எல்லோரும் சுருக்கமாக 'தி ஹில்' என்பார்கள். கறுப்பின மக்களின் பேட்டை. நம்ம மாணவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பட்டம் வாங்கிக்கொண்டு ஊரைவிட்டுப் போகும்வரை அதற்குள் கால் வைப்பதில்லை. ஓக்லண்டிலிருந்து டவுன்டவுன் போகிற பஸ்ஸில் ஃபிஃப்த் அவென்யூ வழியாக மேட்டைச் சுற்றிப் போய்விடலாம், அதனால் பார்க்கக்கூட வேண்டியதில்லை.

முதலில் கொஞ்சம் பழைய கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிகிற சமயத்தில் இந்த மேட்டில் யூதர்கள், இத்தாலியர்கள், சிரியாவிலிருந்து வந்தவர்கள் என்று கலந்து கட்டி இருந்தார்கள். ஊருக்குப் புதுசாக யார் வந்தாலும் முதல் வாடகை வீடு ஹில்லில்தான். அப்புறம் தெற்கு மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் கூட்டம் கூட்டமாக வடக்கே வர ஆரம்பித்தார்கள். பருத்திக் காட்டிலும் இனவெறியிலும் சாவதற்கு ஆலைப்புகையில் சாகலாம் என்கிற கணக்கு. முதல் உலகப்போர் நேரத்தில் ஐரோப்பாவிலிருந்து ஆள் வருவது நின்றுபோனதால் எஃகு ஆலைகளும் வா வா என்றன. வேலை கொடுத்தார்கள் சரி, வீடு? மற்ற பேட்டைகளில் வாடகைக்குக் கிடைக்காது. ஹில்லில் கிடைக்கும். 1930, 40களில் ஹில் என்றாலே கறுப்பர் பேட்டை என்று ஆகிவிட்டது.

வைலி அவென்யூ என்று ஒரு தெரு. ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் அங்கே விடியும். ஜாஸ் கேட்கிற மக்களுக்கு இந்தப் பெயர்கள் போதும்: ஆர்ட் பிளேக்கி இந்த மேட்டில் பிறந்தவர், ஜார்ஜ் பென்சனும் இங்கேதான் பிறந்தார். டியூக் எல்லிங்டனிலிருந்து எல்லா பெரிய தலைகளும் வந்து வாசித்த கிளப்கள் இந்த நாலைந்து தெருவுக்குள் இருந்தன. பெரிய ஓட்டல்களில் கறுப்பர்களுக்கு ரூம் கிடையாது என்பதால், டவுன்டவுன் தியேட்டரில் வெள்ளைக்காரர்களுக்கு வாசித்துவிட்டு, தூங்குவதற்கும் நிஜமாக வாசிப்பதற்கும் மேட்டுக்கு ஏறி வருவார்கள்.

பத்திரிகையும் இருந்தது. பிட்ஸ்பர்க் கூரியர், 1907இல் ஆரம்பித்தது. நாடு முழுக்கப் போகும். தெற்கு மாநிலங்களில் பல ஊர்களில் வெளிப்படையாக விற்க முடியாது என்பதால், ரயிலில் படுக்கை விரித்துப் போடுகிற கறுப்பின போர்ட்டர்கள் கட்டுக்கட்டாக ஒளித்துக் கொண்டுபோய்க் கொடுப்பார்களாம். இரண்டாம் உலகப்போரின்போது, 1942இல், 'வெளிநாட்டில் ஹிட்லரை ஜெயிக்கணும், உள்நாட்டில் இனவெறியையும் ஜெயிக்கணும்' என்று இரட்டை வெற்றிக்கான பிரசாரத்தைத் தொடங்கியது இந்தப் பேப்பர்தான். இன்னொரு ஆச்சரியம்: அதே 40களில் குமார் கோஷல் என்ற வங்காளி இதில் பத்தி எழுதிக்கொண்டிருந்தார். இந்திய விடுதலைப் போராட்டத்தைக் கூரியர் வாசகர்கள் தங்கள் வீட்டு விஷயம் மாதிரிப் படித்திருக்கிறார்கள். நம்ம ஆட்கள் ஒதுங்கிப் போகச் சொல்கிற பேட்டையில், நம்ம சுதந்திரத்தைப் பற்றி வாராவாரம் பேசியிருக்கிறார்கள் மக்களே. அதைப் படித்த அன்று எனக்கு ரிசர்ச் வேலை ஓடவில்லை.

அப்புறம் கஸ் கிரீன்லீ. இவரைப் பற்றி ஒரு படமே எடுக்கலாம். தொழில், நம்பர்ஸ். நம்மூர் மூணு நம்பர் லாட்டரி தெரியுமில்லையா, அதே சமாச்சாரம்: மூணு இலக்கத்தில் ஒரு எண், சில்லறைக் காசைக் கட்டலாம். சட்டவிரோதம்தான். ஆனால் எந்த வங்கியும் கறுப்பர்களுக்குக் கடன் கொடுக்காத காலத்தில் வீடு வாங்கவும் கடை வைக்கவும் பணம் கொடுத்தது இந்த நம்பர்ஸ் முதலாளிகள். 1930 ஆகஸ்ட் 5ஆம் தேதி என்பதால் ஊரே 805 என்று கட்ட, அதே எண் விழுந்து தொலைத்ததாம். மற்ற முதலாளிகள் ராத்திரியோடு ஊரைவிட்டு ஓட, கிரீன்லீயும் அவர் கூட்டாளி வூகி ஹாரிஸும் சொத்தை அடகு வைத்துக் கடைசிக் காசு வரை கொடுத்தார்கள் என்று சொல்கிறார்கள். அதற்கப்புறம் நம்பிக்கைக்குக் கேட்கணுமா!

அந்தப் பணத்தில் வைலி அவென்யூவில் கிராஃபர்ட் கிரில் என்ற கிளப். அது போதாதென்று பேஸ்பால் டீம், பிட்ஸ்பர்க் கிராஃபர்ட்ஸ். ஓக்லண்டில் இருந்த ஃபோர்ப்ஸ் ஃபீல்டில் கறுப்பின அணிகள் வாடகை கட்டி ஆடலாம், ஆனால் உடை மாற்றும் அறைக்குள் போகக்கூடாது. 'அட போங்கடா' என்று கிரீன்லீ 1932இல் பெட்ஃபோர்ட் அவென்யூவில் சொந்தமாக ஸ்டேடியமே கட்டினார். சாச்சல் பெய்ஜ், ஜோஷ் கிப்சன், கூல் பாப்பா பெல் எல்லாம் அங்கே ஆடியவர்கள். 1938இல் ஸ்டேடியத்தை இடித்துவிட்டு அரசாங்கக் குடியிருப்பு கட்டினார்கள். கிப்சன் 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்தார். மூணே மாதத்தில் ஜாக்கி ராபின்சன் பெரிய லீகில் காலடி வைத்தார். 2024இல் நீக்ரோ லீக் கணக்குகளையும் அதிகாரபூர்வமாகச் சேர்த்தபோது, வாழ்நாள் பேட்டிங் சராசரியில் .372 என்று கிப்சன் முதலிடத்துக்கு வந்துவிட்டார். 77 வருடம் லேட்.

சரி, பார்க்கிங் லாட்டுக்கு வருவோம்.

சனிக்கிழமைகளில் சென்டர் அவென்யூவில் இருக்கிற கார்னகி நூலகக் கிளையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கப் போவேன். டிபார்ட்மென்ட்டில் கேட்டார்கள், நானும் பெயர் கொடுத்தேன், அவ்வளவுதான். பெரிய தியாகம் எல்லாம் இல்லை. அங்கே பேரனைக் கூட்டிக்கொண்டு ஒரு பெரியவர் வருவார். பஸ் டிரைவராக இருந்து ரிட்டையர் ஆனவர். பின்னம் என்றால் பேரன் அழுவான், அந்த நேரத்தில் பெரியவர் பேப்பர் படிப்பார். என்னை 'யங் மேன்' என்றுதான் கூப்பிடுவார். நான் 'சார்' என்பேன், அது அவருக்குச் சிரிப்பு.

ஒருநாள் வெளியே பஸ்ஸுக்கு நின்றபோது, நீ எந்த ஊர், உங்க அப்பா கட்டின வீடு இருக்கா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். 'நான் பிறந்த வீட்டில் நாற்பது வருஷம் ஹாக்கி ஆடினார்கள்' என்றார்.

விளையாட்டாகச் சொல்கிறார் என்று பார்த்தால், நிஜம். 1949 வீட்டுவசதிச் சட்டப்படி, சேரி என்று முத்திரை குத்தின இடங்களை இடித்துப் புதுசாகக் கட்ட வாஷிங்டன் பணம் கொடுத்தது. பிட்ஸ்பர்க் மேயர் டேவிட் லாரன்ஸும் ஊரின் பெரிய பணக்காரர்களும் சேர்ந்து நகரத்துக்கே மறுமலர்ச்சி என்று கிளம்பியிருந்தார்கள். டவுன்டவுனை ஒட்டி இருந்த கீழ் ஹில் கண்ணில் பட்டது. 1956 மே மாதம் இடிக்க ஆரம்பித்தார்கள். 95 ஏக்கர். சுமார் 1,300 கட்டடங்கள். 8,000 பேர். 400க்கும் மேற்பட்ட கடை கண்ணிகள். வைலி அவென்யூவின் கீழ்ப்பாதியே காணாமல் போனது. கிரீன்லீயின் முதல் கிராஃபர்ட் கிரில் இருந்த இடமும் அந்தக் கீழ்ப்பாதியில்தான்.

அதற்குப் பதில் என்ன வந்தது? சிவிக் அரீனா. 1961இல் திறந்தார்கள். திறந்து மூடுகிற எஃகுக் கூரை, உலகத்திலேயே முதல் என்று பெருமை. ஆசைப்பட்டது இசை நாடகக் கம்பெனிக்காக. பத்து வருடத்தில் அவர்கள் வேறு அரங்குக்குப் போய்விட்டார்கள். பென்குயின்ஸ் ஹாக்கி டீம்தான் 2010 வரை இருந்தது. சுற்றிலும் கார் நிறுத்த இடம், டவுன்டவுனுக்கும் மேட்டுக்கும் நடுவே அகழி மாதிரி ஒரு நெடுஞ்சாலை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த வீடுகள் எல்லாம் மாளிகை இல்லை. பல வீடுகளில் உள்ளே கக்கூஸ் கிடையாது, கூரை ஒழுகும். இடிக்கப் போகிறார்கள் என்றதும் ஹில் மக்களிலேயே நிறைய பேர் சந்தோஷப்பட்டார்கள், நல்ல வீடு கிடைக்கும் என்று. பெரியவரின் அம்மாவும் அப்படித்தான் நம்பினாராம். வீட்டைக் காலி செய்த அன்று காலையில் வாசற்படியைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் அந்த அம்மா இறங்கியிருக்கிறார். 'இடிக்கப் போற வீட்டை ஏன்மா கழுவுற' என்று ஆறு வயசுப் பையன் கேட்டதற்கு, 'வர்றவங்க நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க' என்றாராம்.

வந்தது புல்டோசர்.

வாடகைக்கு இருந்தவர்களுக்குப் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. அரசாங்கக் குடியிருப்புகளுக்கும், ஹோம்வுட், ஈஸ்ட் லிபர்ட்டி என்று வேறு பேட்டைகளுக்கும் சிதறினார்கள். பெத்தேல் ஏ.எம்.இ. தேவாலயத்தை 1957இல் இடித்தார்கள். பக்கத்திலேயே இருந்த வெள்ளைக்காரர்களின் கத்தோலிக்கக் கோயில் ஒன்று தப்பித்தது. மிண்டி ஃபுல்லிலவ் என்ற மனநல மருத்துவர் ஹில்லையும் இன்னும் சில ஊர்களையும் ஆராய்ந்து 2004இல் எழுதிய புத்தகத்தில் இதற்கு 'வேர் அதிர்ச்சி' என்ற மாதிரி ஒரு பெயர் வைத்திருக்கிறார். நாற்றைப் பிடுங்கி நட்டால் பிழைக்கும். காய்த்துக்கொண்டிருக்கிற மரத்தைப் பிடுங்கினால்? வீடு போனதைவிட, யார் யாரைத் தெரியும், யாரிடம் கைமாற்று வாங்கலாம், யார் பிள்ளையை யார் அதட்டலாம் என்கிற வலை அறுந்துபோனதுதான் பெரிய நஷ்டம் என்கிறார்.

மிச்சம் இருந்த மேல் ஹில்லையும் விட்டு வைத்திருக்க மாட்டார்கள். 60களில் சென்டர் அவென்யூவும் கிராஃபர்ட் தெருவும் சந்திக்கிற முனையில் 'இதற்கு மேல் ஒரு அடி வரக்கூடாது' என்று மக்கள் போர்டு வைத்து மறித்தார்கள். இன்றைக்கும் அதற்குப் பெயர் ஃப்ரீடம் கார்னர். 1968இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபோது சென்டர் அவென்யூ பற்றி எரிந்தது. எரிந்த கடைகளில் பல திரும்ப வரவில்லை. அதற்கப்புறம்தான் 'அந்தப் பக்கம் போகாதே' என்கிற பேச்சு நிலைத்தது.

அந்தப் பேச்சின் கடைசி வாரிசு நம்ம மாணவர் சங்கத்தின் கையேடு. வருடாவருடம் புதுசாக வருகிற பிள்ளைகளுக்கு அனுப்புவார்கள்: எந்த பேங்க், எந்த இந்தியக் கடை, பனிக்கு எந்த ஷூ. கூடவே ஒரு மேப். அதில் ஹில் முழுக்கச் சிவப்பு. கீழே ஒரே வரி: தவிர்க்கவும். யார் எப்போது எழுதினார்களோ, எனக்கும் அதே மேப்தான் வந்தது. இந்த வருடம் அதைத் திருத்தும் பொறுப்பு ஒரு ஜூனியருக்கு. திருநெல்வேலிப் பையன், தங்கமானவன். 'அண்ணே, நீங்கதான் அங்கன போய்ட்டு வாரீயளே, அந்தப் பகுதியை நீங்களே எழுதிக் குடுத்திருங்க' என்றான்.

எழுதினேன். அதற்கு முன்னால் ஒரு சின்ன கிளைக்கதை, இல்லாவிட்டால் நான் என்ன எழுதினேன் என்பது புரியாது.

1967க்கு முன்னால் பிட்ஸ்பர்க்கில் யாராவது நடுத்தெருவில் விழுந்தால் போலீஸ் வேன் வரும், இல்லையென்றால் சவ ஊர்வலக் கம்பெனி வண்டி. பின்னால் நோயாளியைப் போட்டுவிட்டு முன்னால் உட்கார்ந்து ஓட்டுவார்கள், அவ்வளவுதான் முதலுதவி. ஹில்லில் போலீசைக் கூப்பிடவே பயப்படுவார்கள். 1966 நவம்பரில் ஒரு கூட்டத்தில் மயங்கி விழுந்த பெரிய மனிதர் ஒருவரையும் போலீஸ் வண்டியில்தான் கொண்டுபோனார்கள், காப்பாற்ற முடியவில்லை. அவர் யார் தெரியுமா? மேயராக இருந்து, கீழ் ஹில்லை இடித்து, அப்புறம் மாநில கவர்னரும் ஆன அதே டேவிட் லாரன்ஸ்.

அவரைப் பார்த்த மருத்துவர் பீட்டர் சஃபர். நெஞ்சை அழுத்தி வாயோடு வாய் வைத்து ஊதுகிற சி.பி.ஆர். முறைக்கு உருவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர். மருத்துவமனைக்கு வருவதற்கு முன்பே சிகிச்சை ஆரம்பிக்க வேண்டும் என்று பித்தாக அலைந்துகொண்டிருந்தார். ஹில்லில் கறுப்பர்களுக்கு வேலை தேடித்தர ஃப்ரீடம் ஹவுஸ் என்று ஓர் அமைப்பு இருந்தது. இரண்டையும் சேர்த்து 1967இல் ஆரம்பித்ததுதான் ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ். வேலைக்கு ஆகமாட்டார்கள் என்று ஊர் கைகழுவிய பையன்கள். வியட்நாமிலிருந்து திரும்பியவர்கள், பள்ளிக்கூடம் முடிக்காதவர்கள். அவர்களுக்கு 300 மணி நேரப் பயிற்சி. முதல் வருடத்திலேயே ஏறக்குறைய 5,800 அழைப்புகளுக்கு ஓடினார்கள். அமெரிக்காவில் பாராமெடிக் என்கிற வேலை எப்படி இருக்க வேண்டும் என்று காட்டியவர்களில் முன்வரிசை இவர்கள். 1974இல் இவர்களுக்குத் தலைமை மருத்துவராக வந்த நான்சி கரோலின், இங்கே கற்றதை வைத்துத்தான் நாடு முழுவதற்குமான பாராமெடிக் பாடத்திட்டத்தை எழுதினார்.

பணக்காரப் பேட்டைகள் கேட்டன: ஹில்லில் விழுந்தால் டாக்டர் மாதிரி ஆள் வருகிறான், எங்களுக்கு ஏன் போலீஸ் வேன்? நியாயமான கேள்வி. நகராட்சி 1975இல் சொந்தமாக ஆம்புலன்ஸ் ஆரம்பித்து ஃப்ரீடம் ஹவுஸை மூடியது. அந்தப் பையன்கள் பலர் பரீட்சை, விதிமுறை என்று ஏதேதோ காரணத்தில் கொஞ்ச காலத்திலேயே வெளியேற்றப்பட்டார்கள். ஜான் மூன் போன்ற ஒரு சிலர் தாக்குப்பிடித்து மேலே வந்தார்கள்.

நான் கையேட்டுக்கு எழுதிக் கொடுத்தது மொத்தம் ஒன்பது வரி. எந்த பஸ் போகும், நூலகம் எங்கே, ஆகஸ்ட் வில்சன் பிறந்த வீடு எங்கே, இரவில் நேரங்கழித்துத் தனியாக நடக்காதீர்கள் (இது ஓக்லண்டுக்கும் சேர்த்து), நீங்கள் தடுக்கி விழுந்தால் வருகிற ஆம்புலன்ஸ் இந்த மேட்டில் உருவானது. சிவப்பை எடுத்துவிடச் சொன்னேன்.

குழுவில் பிரளயம். 'ஏதாவது ஆச்சுன்னா நீங்க பொறுப்பேத்துப்பீங்களா?' என்று ஒருவர் கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையான கவலை. பிள்ளையை அனுப்பிவிட்டு ராத்திரி தூங்காமல் இருக்கிற அப்பா அம்மாக்கள் படிக்கிற கையேடு அது. சில தெருக்களில் துப்பாக்கிச் சத்தம் கேட்பதும் நிஜம். பெரியவரே பேரனை சில முனைகளில் நிற்க விடமாட்டார். ஆனால் அவர் முனையைச் சொல்கிறார், நேரத்தைச் சொல்கிறார். நம்ம மேப் ஒரு ஊரையே சொல்கிறது. கூடவே நம்ம பசங்க வாயில் சர்வசாதாரணமாக வருகிற அந்த 'க' வார்த்தை. நிறத்துக்கு அஞ்சு ரூபாய் க்ரீம் தடவி வளர்ந்த நாம் சொல்கிறோம்! அதையும் குழுவில் எழுதிவிட்டேன். இரண்டு பேர் இன்னும் என்னுடன் பேசுவதில்லை. ரூம்மேட் ஒருத்தன், அதனால் வீட்டில் சமையல் முறை கொஞ்சம் சிக்கலாகத்தான் இருக்கிறது :-(

கடைசியில் திருநெல்வேலிப் பையன் சிவப்பை எடுத்துவிட்டு மஞ்சள் போட்டான். ஒன்பது வரியில் நாலு வரி தங்கியது. ஆம்புலன்ஸ் வரி தங்கியது.

ஆகஸ்ட் வில்சனைப் பற்றி இலக்கியப் பதிவர்கள் கேட்பீர்கள். 1945இல் பெட்ஃபோர்ட் அவென்யூ 1727ஆம் எண்ணில், ஒரு மளிகைக்கடைக்குப் பின்னால் இருந்த அறைகளில் பிறந்தவர். நெப்போலியனைப் பற்றி எழுதிய கட்டுரையை 'நீ எழுதியிருக்க மாட்டாய்' என்று ஆசிரியர் சொன்னதால் 15 வயதில் பள்ளியை விட்டவர். மிச்சப் படிப்பெல்லாம் நூலகத்தில். இருபதாம் நூற்றாண்டின் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஒன்றாகப் பத்து நாடகங்கள், ஒன்பது இந்த மேட்டில் நடப்பவை. இரண்டு புலிட்சர். 2005இல் காலமானார். அந்த வீடு இடியும் நிலையில் கிடந்து, சரிசெய்து 2022இல் கலைக்கூடமாகத் திறந்தார்கள். 'ஃபென்சஸ்' படம் பார்த்திருந்தால் ஹில் தெருக்களையே பார்த்திருக்கிறீர்கள்.

அரீனாவையும் 2011, 12இல் இடித்துவிட்டார்கள். நியாயமாக அங்கே வீடு வர வேண்டும். பல வருடம் வெறும் பார்க்கிங் லாட்டாகவே கிடந்தது. 2021இல்தான் முதல் பெரிய கட்டடத்துக்கு, ஒரு வங்கிக்கு, பள்ளம் தோண்டினார்கள். நெடுஞ்சாலைப் பள்ளத்துக்கு மேல் மூடி போட்டு ஒரு பூங்கா அதே வருடம் வந்தது. பெத்தேல் தேவாலயத்துக்கு ஒன்றரை ஏக்கர் திருப்பித் தருவதாக 2023இல் பென்குயின்ஸ் ஒப்புக்கொண்டது. இடித்து 66 வருடம் கழித்து.

இப்போது பெரியவரும் நானும் ஒரு வேலையில் இறங்கியிருக்கிறோம். கூரியரில் டீனி ஹாரிஸ் என்று ஒரு புகைப்படக்காரர் இருந்தார், 805 கதையில் வந்த வூகியின் தம்பி. ஒரே கிளிக்தான் அடிப்பார், பல்பைச் செலவழிக்க மாட்டார் என்பதால் 'ஒன் ஷாட்' என்று பட்டப்பெயர். கல்யாணம், கிளப், வேலைநிறுத்தம், கிரிக்கெட் மாதிரி தெருவில் ஆடுகிற பேஸ்பால் என்று ஏறக்குறைய 80,000 நெகட்டிவ்கள் விட்டுப் போயிருக்கிறார். கார்னகி கலை அருங்காட்சியகம் வாங்கி இணையத்தில் போட்டு, படத்தில் இருப்பவர் யார், எந்தத் தெரு என்று பழைய ஆட்களிடம் கேட்டுக் கேட்டுக் குறித்து வருகிறது.

பேரன் பின்னத்தோடு மல்லுக்கட்டும்போது நாங்கள் என் லேப்டாப்பில் படம் படமாகத் தள்ளிக்கொண்டே வருவோம். பெரியவர் தன் வீட்டைத் தேடுகிறார். ஃபுல்லர்டன் தெரு மருந்துக்கடை கிடைத்தது. முடிவெட்டும் கடை கிடைத்தது. போன வாரம் ஒரு படத்தில் திடீரென்று கையைப் பிடித்து நிறுத்தச் சொன்னார். தெருமுனை, ஒரு கார், ஐஸ் விற்கிற ஆள். ஐஸ்காரரைத் தெரியும் என்றார். அப்படியே விரலை இடது பக்கமாக நகர்த்திக்கொண்டு போய், படம் முடிந்து, லேப்டாப்பும் முடிந்து, மேசை மேல் ஒரு ஜாண் தள்ளி விரலை வைத்தார். 'இங்கே.'

இன்னும் நிறைய படம் பாக்கி இருக்கிறது. வர்ற சனிக்கிழமை அந்தப் பக்கத்திலிருந்து தொடர வேண்டும்.

பி.கு: ஜோஷ் கிப்சனைப் பற்றித் தனிப்பதிவு கட்டாயம் வரும். பேஸ்பால் விதி தெரிந்த புண்ணியவான் யாராவது இருந்தால் பின்னூட்டத்தில் தலைகாட்டவும், எனக்கு இன்னும் பாதி புரியவில்லை.